வாயில் காப்போரும் வழிச்செல்வோரும்

இணைய நடுநிலைமை விவாதம் பற்றி வன்னியிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

இணையம் என்னும் தொடர்பாடல் வலையமைப்பு யாவர்க்கும் திறந்ததாகவும் யாவரையும் ஒப்ப நடத்துவதாகவும் இருத்தல் வேண்டுமா என்பது கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல பாகங்களிலும் நிகழ்ந்துவரும் விவாதமாகும். ‘இணைய நடுநிலைமை’ என்னும் தொடரால் இது சுட்டப்படுகின்றது. வலையமைப்பை நடத்தும் நிறுவனம் தன்னூடாகச் செல்லும் தரவு எவருடையது, எங்கிருந்து வருகின்றது, எதைப் பற்றியது என்று பாராது யாவற்றையும் ஒரே வகையிற் கொண்டுசேர்த்தல் வேண்டும். பணம் கொடுத்தவரின் தரவை முன்னே விட்டு ஏனையோரின் தரவைப் பின்னே தள்ளுதலும், ஒன்றுக்கு ஒரு விலையும் பிறிதொன்றுக்கு வேறொரு விலையும் வைத்தலும், ஒன்றை முற்றாக மறித்தலும் ஆகா என்பதே இக்கோட்பாட்டின் சாரம்.

எம்மவர் மத்தியில் இவ்விவாதம் பெரும்பாலும் இரு வகையிலேயே விளங்கிக்கொள்ளப்பட்டுள்ளது. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தம்முள் இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக நடத்தும் வழக்கு இது என்பர் ஒரு சாரார். கணினித் துறையினர் மாத்திரம் பேசித் தீர்க்க வேண்டிய நுட்பப் பிரச்சினை என்பர் மற்றொரு சாரார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தை வைத்து நோக்குமிடத்து இவ்விரு கருத்தும் பொருந்துவனவாகத் தோன்றவில்லை. இவ்விவாதம் எமக்கு மிக அண்மையானது. அதேவேளை, அது பிறந்த நாடுகளில் அது பேசப்படும் முறை எமது நிலைமைக்குப் போதாததாகவும் உள்ளது. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டின் பின்னணி

நடுநிலைமை என்னும் சொல் இத்துறையிற் புதிதாயினும் அதன் பின்னுள்ள கருத்துப் பழையது. 1840ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த ஒருசீர் அஞ்சற் கட்டண முறையை இங்கு எண்ணிப் பார்த்தல் பொருத்தமானது. அம்முறையிற் கடிதத்தின் நிறையே கட்டணத்தைத் தீர்மானித்தது. அது செல்லும் தூரமோ உள்ளே எழுதப்பட்ட செய்தியோ கருத்திற் கொள்ளப்படவில்லை. எமது நாட்டிலும் கொக்கிளாயிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் சாதாரண கடிதத்துக்கும் கொழும்புக் கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குச் செல்லும் கடிதத்துக்கும் முத்திரை ஒன்றே. தூரத்து ஊரிலுள்ளோரும் வறியோரும் நாட்டின் பொது உரையாடலிற் பங்குகொள்வதற்கு வழிசெய்த ஏற்பாடுகளுள் இதனை முதன்மையானதாகக் கொள்ளலாம்.

இணையத்தின் அமைப்பும் இக்கருத்தைத் தழுவியே வளர்ந்தது. 1984இற் சோல்ற்சர், றீட், கிளார்க் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று, வலையமைப்பின் நடுவிலுள்ள பொறிகள் தரவைக் கொண்டுசேர்க்கும் பணியை எளிமையாகச் செய்தாற் போதும் என்றும், ஏனைய பணிகளிற் பெரும்பாலானவற்றை இரு முனைகளிலுமுள்ள கணினிகளிடமே விடுதல் நன்று என்றும் வாதிட்டது. நுட்பம் பற்றிய இக்கருத்தின் சமூக விளைவு பெரிது. முனையில் இருக்கும் எவரும், நடுவில் இருப்பவரின் அனுமதியை வேண்டி நில்லாது, புதியதொன்றை ஆக்கி உலகுக்கு அளிக்கலாம் என்பதே அவ்விளைவு. தமிழ் இணையத்தின் வரலாறே இதற்குச் சான்றாகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணும் பொருட்டு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வாயிலிலும் காத்து நின்று தோன்றியவையல்ல.

ஆயினும் இந்நிலை தானாகவே நிலைபெறும் என்னும் நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. வலையமைப்பின் நடுவிலுள்ள பொறிகள் வலுப்பெற, கடந்து செல்லும் தரவை இனங்கண்டு தரம்பிரிக்கும் ஆற்றல் நிறுவனங்களுக்கு வாய்த்தது. சட்டப் பேராசிரியரான ரிம் வூ 2003இல் எழுதிய கட்டுரையில் இவ்வபாயத்தைச் சுட்டிக்காட்டியதோடு ‘வலையமைப்பு நடுநிலைமை’ என்னும் பெயரையும் அளித்தார். 2007இல் அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம், பயனாளர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் போக்குவரத்தில் இரகசியமாகத் தலையிட்டமை வெளிவந்தபோது அவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பது உறுதியாயிற்று.

அதன்பின் அமெரிக்காவில் நிகழ்ந்தவை எமக்கு ஒரு படிப்பினையைத் தருகின்றன. அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு 2015இல் நடுநிலைமை விதிகளை ஆக்கியது. ஆட்சி மாறியபின் 2017இல் அதே ஆணைக்குழு அவற்றை நீக்கியது. மீண்டும் ஆட்சி மாறி, 2024இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவற்றைச் செல்லாதனவாக்கியது. பத்தாண்டுகளுள் நான்கு திருப்பங்கள். இதற்கு மாறாக, 2010இற் சிலி நாடு பாராளுமன்றச் சட்டத்தின் மூலமும், 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் தனது உறுப்பு நாடுகள் யாவற்றையும் பிணிக்கும் ஒழுங்குவிதியின் மூலமும் இக்கோட்பாட்டை நிலைநிறுத்தின. ஆணைக்குழு உறுப்பினர் சிலரின் வாக்குப் பெரும்பான்மையில் மாத்திரம் தங்கியிருக்கும் பாதுகாப்பு எத்துணை நொய்தானது என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகின்றது.

இந்திய விவாதம்

எமது சமூகப் பொருளாதார நிலைக்கு அமெரிக்காவினும் இந்தியாவே அண்மையானது. 2014 டிசெம்பரில் எயார்ரெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்கு வேறாகக் கட்டணம் அறவிடப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதனைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. ஒழுங்குமுறைச் சட்டம் போன்ற வறண்ட விடயமொன்றிற் பொதுமக்கள் இத்துணை பெருந்தொகையாகப் பேசியமை குறிப்பிடத்தக்கது.

அவ்விவாதத்தின் நடுநாயகமாக நின்றது பேஸ்புக் நிறுவனம் முன்வைத்த ‘பிறீ பேசிக்ஸ்’ திட்டமாகும். வறியோர்க்குச் சில இணையத்தளங்களைக் கட்டணமின்றி வழங்குதல் அதன் வெளிப்படையான நோக்கம். அந்தச் சில தளங்கள் எவை, எந்த நிபந்தனையின் கீழ் அவை உள்ளே வரலாம் என்பனவற்றை அந்நிறுவனமே வகுத்தது. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதைத் தடுக்கின்றீர்களே என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்டனர். சோற்றைக் கொடுப்பவனே இனி ஊரில் எவர் சமைக்கலாம் என்றும் தீர்மானிப்பானாயின் என்ன செய்வது என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். 2016 பெப்ரவரி 8ஆம் திகதி, உள்ளடக்கத்தை அடிப்படையாகக் கொண்டு தரவுக்கு வேறுபட்ட விலை வைத்தலை இந்திய ஆணையம் தடைசெய்தது. 2018இல் நடுநிலைமைக் கோட்பாட்டை அந்நாட்டு அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது.

இலங்கையின் நிலை

இலங்கையில் இத்தகைய பொது விவாதம் எதுவும் விரிவாக நடைபெறவில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இணையம் பொதுமக்களை அடையுமுன் இயற்றப்பட்டது. நடுநிலைமையைக் குறித்துப் பேசும் தனிச் சட்டமெதுவும் எம்மிடமில்லை. விவாதம் நடைபெறாத இடத்தில் வழக்கம் சட்டமாகிவிடுகின்றது. எமது நாட்டிற் கைத்தொலைபேசிப் பயனாளர்க்கு வட்ஸ்அப்புக்கென்று ஒன்று, பேஸ்புக்கிற்கென்று ஒன்று, யூரியூப்பிற்கென்று ஒன்று எனச் செயலி வாரியாகப் பொதிகள் விற்கப்படுதல் இயல்பான வணிகமாக ஏற்கப்பட்டுவிட்டது. இந்தியா தடைசெய்த அதே விலை வேறுபாடு இங்குச் சந்திக் கடையின் சுவரில் விளம்பரமாகத் தொங்குகின்றது. ‘முழு இன்ரநெற் பக்கேஜா, வட்ஸ்அப் பக்கேஜா’ என்னும் கடைக்காரரின் கேள்வி, ஒரு நாடு தனக்குத் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வாடிக்கையாளனின் தலையில் இறக்கிவிடுகின்றது.

இது வணிகத்தின் வாயில். அரசின் வாயில் வேறொன்று. 2007 ஜூன் மாதத்தில், போர்ச் செய்திகளை வெளியிட்டுவந்த ‘தமிழ்நெற்’ இணையத்தளத்தை இலங்கையின் இணைய வழங்குநர்கள் அரசின் பணிப்பின் பேரில் மறித்தனர். வன்னியில் நடப்பதை உலகின் ஏனைய பாகங்களில் வாசிக்க முடிந்தபோது கொழும்பில் வாசிக்க முடியவில்லை. 2015இல் ஆட்சி மாறிய பின்னரே அத்தடை நீங்கியது. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியன ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அம்மாத இறுதிவரை மீண்டும் முடக்கம். மே மாதத்தில் மறுபடியும். 2022 ஏப்ரில் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரிற் சமூக ஊடகங்கள் பல மணிநேரம் மூடப்பட்டன.

பொதியும் பூட்டும்

வணிகத்தின் வாயிலையும் அரசின் வாயிலையும் தனித்தனியே நோக்குதலே எமது ஆய்வாளர்களின் வழக்கமாக உள்ளது. முன்னையதைப் பொருளியலிலும் பின்னையதை மனித உரிமையிலும் வைத்துப் பேசுவர். இவ்விரண்டும் ஒரே பொறியின் இரு பயன்கள் என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

ஒரு நிறுவனம் வட்ஸ்அப்பிற்கென்று பொதி விற்க வேண்டுமாயின் ஒவ்வொரு தரவுத் துணுக்கும் வட்ஸ்அப்பினுடையதா அன்றா என்று வலையமைப்பின் நடுவில் நின்று இனங்காண வேண்டும். அவ்வாறு இனங்காணும் ஏற்பாடு இருக்குமிடத்து, ‘இதனைக் குறைந்த விலைக்கு விடு’ என்னும் கட்டளையை ‘இதனை விடாதே’ என்னும் கட்டளையாக மாற்றுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். வணிகன் இலாபத்துக்காக அமைத்த தராசு, அரசின் கையிற் பூட்டாகின்றது.

இதன் சுமை யாவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 2018இலும் 2019இலும் 2022இலும் தடையைக் கடக்க முயன்றோர் வி.பி.என். எனப்படும் மறைவழிச் செயலிகளை நாடினர். அச்செயலியூடாகச் செல்லும் தரவு எத்தளத்தை நோக்கிச் செல்கின்றது என்பதை நடுவில் நிற்பவர் அறிய இயலாது. தடையைத் தாண்டும் சூட்சுமம் அதுவே. அதே காரணத்தால் அத்தரவு செயலிப் பொதிக்குள் அடங்குவதுமில்லை. பொதுக் கட்டணத்துக்கே உள்ளாகின்றது. எனவே முழு இணையத்தையும் மாதக் கட்டணத்துக்கு வாங்கியிருந்தவர் தடையின் நடுவிலும் தொடர்பு கொண்டார். ஐம்பது, நூறு ரூபா ரீலோட் செய்து செயலிப் பொதியை மாத்திரம் வாங்கியிருந்தவருக்கோ பூட்டும் உண்டு, சாவிக்குப் பணமும் இல்லை. மூன்று செயலிகளே ஒருவனின் இணையமாக இருக்கும்போது ஒரேயொரு ஆணை அவனது இணையம் முழுவதையும் அணைத்துவிடும்.

விற்பனைப் பொதிக்கும் அடக்குமுறைக்குமுள்ள இவ்வடிவ ஒற்றுமையைக் காஷ்மீர் அனுபவம் மேலும் தெளிவாக்குகின்றது. 2019 ஓகஸ்டில் அங்கு இணையம் முற்றாக நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் அது திரும்பி வந்தபோது, அரசு அங்கீகரித்த பட்டியலிலுள்ள தளங்களை மாத்திரமே திறக்க முடிந்தது. அம்மாத இறுதியில் அப்பட்டியலில் இருந்தவை 301 தளங்கள். சமூக ஊடகங்கள் அவற்றுள் இல்லை. நான்காண்டுகளுக்கு முன் தனியார் நிறுவனமொன்றின் பட்டியலை நிராகரித்த அதே நாட்டில் அரசின் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. முன்னையது கொடை என்றும் பின்னையது பாதுகாப்பு என்றும் அழைக்கப்பட்டன. பட்டியலிடுபவர் ஒருவர், அதற்குள் வாழவேண்டியவர் வேறொருவர் என்னும் உறவு இரண்டிலும் மாறவில்லை.

வன்னியின் அனுபவம்

வலையமைப்பு நடுநிலைமையை விளக்கப் புகும் மேனாட்டு எழுத்தாளர்கள் நெடுஞ்சாலை உவமையைப் பெரிதும் கையாள்வர். வேகப் பாதை, மெதுப் பாதை, சுங்கச் சாவடி என்பன அவர்கள் காட்டும் படிமங்கள். வன்னி மக்களுக்கோ இது உவமையன்று, வாழ்ந்து கழித்த வரலாறு. 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. எரிபொருள், சீமெந்து, பசளை முதலியவற்றோடு மின்கலங்களும் அதில் அடங்கின. மின்கலம் இன்மையால் மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். செய்திக்காக ஒருவர் மிதிக்க ஊரே சூழ்ந்திருந்து கேட்ட காலத்தை இன்று ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறந்திலர்.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மூடப்படும் வரையான காலத்திலும், ஓமந்தையிலும் முகமாலையிலும் ஒவ்வொரு பொதியும் அவிழ்த்துப் பார்க்கப்பட்ட பின்னரே பயணம் தொடர்ந்தது. ஒரு பக்கத்திற் படையினரின் சோதனை. மறு பக்கத்தில் விடுதலைப் புலிகளின் வரி. வாயில் காப்போர் இரு புறமும் இருந்தனர் என்பதைக் கூறாது விடுதல் நேர்மையான விமர்சனமாகாது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறிய பின், 2009 மே மாதம் வரை அங்கு நிகழ்ந்தவற்றை உலகம் துண்டு துண்டாகவே அறிந்தது. அக்காலத்துச் சாவுகளின் எண்ணிக்கை பற்றிய பிணக்கு இன்றும் தீராமல் இருப்பதற்குத் தொடர்பாடல் அடைபட்டிருந்தமையும் ஒரு காரணம். அவிழ்த்துப் பார்ப்பவன், பட்டியல், மூடிய பாதை, சாட்சியின்மை என்னும் வரிசையை இவ்வளவு அண்மையில் அறிந்த மக்கள் கூட்டத்துக்கு, ‘எதைக் கொண்டு செல்கின்றாய் என்று கேளாதே’ என்னும் கோட்பாடு அந்நிய இறக்குமதியாக இருக்க முடியாது.

இன்று வன்னியின் குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் இலண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் பரந்துள்ளன. பேரப்பிள்ளையின் முகத்தை அம்மம்மா காண்பது வட்ஸ்அப்பிலும் வைபரிலும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தம் போராட்டத்தை உலகுக்கு எடுத்துச் சொல்வதும் அதே கைத்தொலைபேசியினால். கொழும்பில் இடப்படும் தடையாணை கண்டியின் கலவரத்தை நோக்கியதாயினும் முள்ளியவளை வீடொன்றின் பேச்சையும் அறுத்துவிடுகின்றது.

அறிவுத் துறையிலும் இவ்விழப்பு உண்டு. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீட்டு நூல்களையும் ஆவணங்களையும் நிழற்படங்களையும் வழியெங்கும் இழந்தன. அத்தகைய மண்ணில் நூலகம் போன்ற எண்ணிமக் காப்பகம் ஆடம்பரப் பொருளன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் பழைய மலர்கள் பலவற்றை இன்று அங்கேதான் தேடி எடுக்கின்றோம். ஆனால் செயலிப் பொதி எதிலும் நூலகம் இல்லை, இருக்கப் போவதுமில்லை. விளம்பர வருவாயில்லாத, தன்னார்வலர் உழைப்பினால் நடைபெறும் தமிழ்த் தளமொன்று எந்தத் தொலைபேசி நிறுவனத்தோடும் வணிக உடன்படிக்கை செய்துகொள்ள வல்லதன்று. இதனால், ஒட்டுசுட்டானில் ஒரு மாணவிக்குப் பேஸ்புக்கின் வம்பளப்பு மலிவாகவும், ஈழத்து இலக்கியத்தின் மூலநூல் விலை கூடியதாகவும் அமைகின்றது. எதை வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு எவரும் கட்டளையிடவில்லை. விலை அதனை அமைதியாகச் செய்துவிடுகின்றது.

எதிர்வாதங்கள்

இனி, நடுநிலைமைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை ஆராய்தல் வேண்டும். ஒன்றுமில்லாமையிலும் ஏதாவது இருத்தல் மேல் என்பது முதலாவது வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கோவிட் பெருந்தொற்றினால் 2020இற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் முயற்சியினால், பல்கலைக்கழகங்களின் கற்றற் சேவையகங்களையும் அவ்வலையமைப்பு வழங்கிய ‘சூம்’ வகுப்புகளையும் மாணவர்கள் சில மாதங்கள் தரவுக் கட்டணமின்றிப் பெற்றனர். இதுவும் நடுநிலைமைக்கு மாறானதே எனினும் அதனைக் குறைகூற எவர்க்கும் மனம் வராது.

எனினும் இதற்கும் செயலிப் பொதிக்குமுள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. இங்குத் தெரிவு செய்தவர் விற்பவரல்லர். பொதுக் கல்வி நிறுவனங்கள். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்க்கென ஒதுக்கப்படாது எல்லா வழங்குநர்களுக்கும் அது பொதுவாக இருந்தது. நெருக்கடிக்கென வகுக்கப்பட்டு, காலவரையறையும் உடையதாயிற்று. இம்மூன்று பண்பும் பொருந்திய விதிவிலக்கைச் சட்டம் அனுமதிக்கலாம். அவ்வாறிருந்தும் அதன் குறைபாடு தெளிவானது. விரிவுரை இலவசமாக வந்தது. விரிவுரையாளர் குறிப்பிட்ட கட்டுரையைத் தேடிச் சேவையகத்துக்கு வெளியே சென்ற கணமே கட்டணம் ஓடத் தொடங்கியது. வகுப்பறைக்குக் கதவு திறந்து நூலகத்துக்குக் கதவடைத்த கல்வி எத்தகையது என்பதைப் பல்கலைக்கழகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலீடு பற்றியது இரண்டாவது வாதம். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 2,600 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேர். காடும் வயலும் பரந்து, ஊர்கள் எட்ட எட்ட அமைந்த நிலத்திற் கோபுரம் நிறுவுதல் இலாபந் தரும் தொழிலன்று. விலையை விரும்பியவாறு வகுக்கும் சுதந்திரம் இருந்தாலே நிறுவனங்கள் அங்கு வரும் என்பர். ஆயின் அச்சுதந்திரம் எமது நிறுவனங்களுக்கு இதுகாறும் இருந்தே வந்துள்ளது. அப்படியிருந்தும் உட்கிராமங்களிற் ‘கவரேஜ்’ தேடி வீதிக்கு வரும் நிலை மாறவில்லை. பெருந்தொற்றுக் காலத்திற் பதுளை மாவட்டத்து மலைக்கிராமமொன்றிற் பிள்ளைகள் பாடத்துக்காகப் பாறை மேல் ஏறியமை உலகச் செய்தியாயிற்று. ஆகவே இது வன்னிக்கு மாத்திரமுரிய குறையுமன்று. அஞ்சலகம் எல்லா ஊருக்கும் சென்றது இலாபத்தினாலன்று, பொதுக் கொள்கையினாலேயே என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

மூன்றாவது வாதமே கடினமானது. 2018இல் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்புதற்குப் பேஸ்புக் கருவியாயிற்று என்பது மறுக்கவொண்ணாதது; அந்நிறுவனமே 2020இல் அதற்கு வருத்தம் தெரிவித்தது. இந்நிலையில் எல்லாவற்றையும் திறந்துவிடுக என்று கூறுதல் சிறுபான்மையினராகிய நாம் கூறத்தக்கதா? நடுநிலைமை என்பது உள்ளடக்கத்துக்குப் பொறுப்பின்மை என்று பொருள்படாது. கொலை மிரட்டற் கடிதம் எழுதியவன் தண்டிக்கப்படுவான். அதற்காக அஞ்சற்காரன் எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் படிப்பதோ அஞ்சலகத்தை மூடுவதோ முறையாகாது. வெறுப்பை எழுதியவர் மீதும், முறைப்பாடுகளைச் செவிமடுக்காத நிறுவனத்தின் மீதும் நீதிமன்றத்தின் வழியாக நடவடிக்கை எடுத்தல் ஒன்று. நாடு முழுவதன் வாயையும் கட்டுதல் வேறொன்று. தாக்கப்பட்டவன் உதவிக்கு அழைப்பதும் அதே கருவியினாலேயே என்பதையும் மறத்தலாகாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குவதற்குப் பதிலாக ஆணைக்குழுவொன்றின் கையில் விரிந்த அதிகாரங்களைக் குவித்தது என்னும் விமர்சனம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்தமை வியப்பன்று.

விவாதத்தின் குறைபாடு

இதுவரை கூறியவை நடுநிலைமைக் கோட்பாட்டுக்குச் சார்பானவை. ஆயின் அக்கோட்பாட்டை அப்படியே பெயர்த்து நடுதலும் விமர்சனப் பார்வையாகாது. மேனாட்டு விவாதம், மனிதன் ஏற்கெனவே இணைக்கப்பட்டவன் என்னும் எடுகோளிலிருந்து தொடங்குகின்றது. இணைப்பே சென்றடையாத இடத்தில் இணைப்பினுள் சமத்துவம் பேசுதல், வாய்க்கால் வெட்டாத நிலத்தில் நீர்ப்பங்கீடு பேசுவதை ஒக்கும். அன்றியும், நிறுவனத்தை மாத்திரம் எதிரியாகக் கண்டு அரசைக் காவலனாகக் கொள்ளும் போக்கு அவ்விவாதத்தில் மிகுதி. அரசே பூட்டைப் பிடித்திருந்த வரலாறு எம்முடையது. 2024இல் உரிமம் பெற்று 2025 ஜூலையில் இலங்கையிற் சேவையைத் தொடங்கிய ஸ்ரார்லிங்க் போன்ற செய்மதி இணையம் காட்டையும் தூரத்தையும் வெல்லக்கூடும். ஆயினும் வானிலிருந்து வரும் வாயிலுக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு.

பங்கீட்டின் இலக்கணத்தை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகச் செய்கைக்கு நீர் எல்லா வயலுக்கும் போதாது. எவ்வளவு நிலம், எவ்வளவு நீர், எந்நாளில் எவ்வாய்க்கால் என்பன அரசாங்க அதிபர் தலைமையிற் கமக்காரர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கு முன்னரே தீர்மானிக்கப்படும். அக்கூட்டங்களிற் பிணக்கும் உண்டு, செல்வாக்கும் உண்டு. எனினும் துருசைத் திறப்பவர் தனக்கு வேண்டியவரின் வயலுக்கு இரவில் நீர் விடுவது குற்றம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வலையமைப்பிலும் நெரிசல் உண்டாகும். முறை வகுக்க வேண்டியும் வரும். அம்முறை முன்கூட்டியே, வெளிப்படையாக, பயன்படுத்துவோரின் குரலையும் கேட்டு வகுக்கப்பட வேண்டும் என்பதையே நடுநிலைமை கோருகின்றது. வன்னிக் கமக்காரன் இதனை எந்த நூலையும் படியாமலே அறிவான்.

முடிவுரை

ஆகவே எமது நாட்டிற்கு வேண்டிய நடுநிலைமைச் சட்டம் மூன்று கூறுகளைக் கொண்டதாக அமைதல் வேண்டும். உள்ளடக்கத்துக்கேற்ப விலை வேறுபடுத்தலைத் தடைசெய்து, பொதுக் கல்வி, சுகாதாரம், அனர்த்தகாலத் தேவைகள் ஆகியவற்றுக்கு மாத்திரம் வரையறுத்த விலக்களித்தல் ஒன்று. நீதிமன்றத்தின் எழுத்து மூலமான, காரணம் காட்டிய, காலவரையறை கொண்ட கட்டளையின்றி எந்தத் தளத்தையும் மறிக்கலாகாது என விதித்தல் மற்றொன்று. இலாபம் தராத ஊர்களுக்கும் இணைப்பைக் கொண்டுசெல்லும் கடப்பாட்டை உரிமத்தின் நிபந்தனையாக்குதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றை விட்டு ஏனையவற்றைப் பெறுதல் பயன் தராது. விலையின் வாயில் திறந்திருப்பினும் அரசின் வாயில் மூடலாம். இரண்டும் திறந்திருப்பினும் வாயிலை அடையப் பாதை இல்லாதிருக்கலாம்.

இதிற் பல்கலைக்கழகத்தின் பொறுப்புப் பெரிது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழினுட்பப் பீடமும் இயங்குகின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எந்த ஊரில் இணைப்பு எவ்வாறுள்ளது, எப்பொதியில் எது விடப்படுகின்றது, எது தடுக்கப்படுகின்றது என்பவற்றை அளந்து பதிவு செய்யும் ஆற்றல் இந்நிறுவனங்களின் மாணவரிடம் உண்டு. சட்டத்தையும் சமூகவியலையும் தமிழையும் பயில்வோர் அப்பதிவுகளுக்குப் பொருள் காண வேண்டும். மறிக்கப்பட்டதை எவரும் எழுதி வையாதபோது மறித்தவரின் கூற்றே வரலாறாகிவிடும் என்பதை இம்மண் பெருவிலை கொடுத்து அறிந்துள்ளது. அடுத்த தடையாணை வருமுன்னரே எமது பதிவேடு திறக்கப்பட்டிருத்தல் வேண்டும்.